பழங்குடி ஊரில் படிப்பு மையம்: அனுமதி கேட்பதிலிருந்து சாவியை ஒப்படைப்பது வரை

நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் உள்ள பழங்குடி ஊர்களில் மாலைப் படிப்பு மையம் நடத்தலாம் என்று ஆண்டுதோறும் புதிதாக யாராவது வருகிறார்கள். கல்லூரி முடித்த இளைஞர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். எல்லோரும் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் பலர் மூன்று, நான்கு மாதத்தில் மூட்டையைக் கட்டிவிடுகிறார்கள். கேட்டால், "பிள்ளைங்க வரவே மாட்டேங்குறாங்க" என்பார்கள்.

பிள்ளைகள் வராததற்குக் காரணம் பெரும்பாலும் வரிசைதான். வந்தவுடன் புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள். கீழே சொல்லும் வரிசையில் புத்தகம் ஏழாவது இடத்தில் வருகிறது. முதல் ஆறையும் செய்யாமல் அங்கே போனால் திரும்பி முதல் படிக்கே வர வேண்டியிருக்கும். நானும் அப்படித் திரும்பி வந்தவன்தான். அதில் எனக்கு ஒரு வருடம் போயிற்று, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு வருடம் போயிற்று.

இது கூடலூர்ப் பக்கத்து அனுபவம். ஆனைக்கட்டியிலோ கல்வராயன் மலையிலோ வேலை செய்பவர்கள் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். விவரங்களை அந்தந்த ஊர் மக்களிடம் கேளுங்கள்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் காலம். குறைந்தது இரண்டு வருடம் வர முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் மையம் தொடங்க வேண்டாம், ஏற்கெனவே நடக்கும் ஒன்றில் போய் உதவுங்கள். பாதியில் நின்றுபோன மையங்களை இந்த ஊர்கள் நிறையப் பார்த்துவிட்டன. அடுத்து வருபவரையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

இரண்டாவது, ஊர்க்காரர் ஒருவருக்குப் பன்னிரண்டு மாதம் சம்பளம் கொடுக்கும் அளவுக்குப் பணம். அது தொடங்கும் முன்பே கையில் இருக்க வேண்டும். "நன்கொடை வரும்" என்று நம்பி ஆரம்பித்தால், பணம் நிற்கிற மாதத்தில் நீங்கள் கொடுத்த வார்த்தையும் நின்றுபோகும்.

மூன்றாவது, குழந்தைப் பாதுகாப்பு. எந்த நேரத்திலும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் அந்த ஊர்ப் பெண்ணாக இருக்க வேண்டும். வெளியாள் தனியாகப் பிள்ளைகளோடு உட்காரக் கூடாது. உங்கள் மேல் சந்தேகம் இருப்பதால் இதைச் சொல்லவில்லை. பெற்றோர் நிம்மதியாக வேலைக்குப் போக வேண்டும் அல்லவா, அதற்காகத்தான்.

ஊர் முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருந்தால் வனத்துறை அனுமதியும் வேண்டும். செக்போஸ்ட்டில் நின்று கெஞ்சுவதைவிட முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வாங்கிவிடுங்கள்.

2. யாருடைய ஊர் என்று தெரிந்துகொள்ளுங்கள்

"பழங்குடி" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். கூடலூர்ப் பக்கத்தில் மட்டும் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் என்று ஐந்து சமூகங்கள் இருக்கின்றன. ஐந்துக்கும் தனித்தனி மொழி, தனித்தனி சாமி, தனித்தனி வாழ்க்கை முறை.

இது ஏன் முக்கியம்? பணியர் குடும்பங்கள் பெரும்பாலும் தேயிலை, காப்பி, இஞ்சித் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்கள். தலைமுறை தலைமுறையாக முதலாளி முன்னால் தலை குனிந்து நிற்க வைக்கப்பட்டவர்கள். நீங்கள் எது கேட்டாலும் முதலில் "ஆமா" என்று சொல்லிவிடுவார்கள். காட்டுநாயக்கர் அப்படிச் சொல்ல மாட்டார்கள், பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். முள்ளுக்குறும்பரில் பலருக்குச் சொந்த நிலம் உண்டு. அவர்கள் உங்களிடம் எதிர்க்கேள்வி கேட்பார்கள். மூன்றையும் ஒரே மாதிரி புரிந்துகொண்டால் மூன்றும் தப்பாகிவிடும்.

பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். அரசுப் பதிவில் "காலனி" என்று எழுதப்பட்ட இடத்தை அங்கே குடியிருப்பவர்கள் வேறு பெயரில் அழைப்பார்கள். இந்தப் பக்கத்தில் பலர் தங்களை "ஆதிவாசி" என்றே சொல்லிக்கொள்கிறார்கள், அதில் அவர்களுக்குப் பெருமை உண்டு. வேறு மலைகளில் அந்தச் சொல்லை விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தங்களை எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே நீங்களும் சொல்லுங்கள்.

3. அனுமதி கேளுங்கள், அவசரப்படாமல்

தனியாகப் போகாதீர்கள். ஊருக்கு ஏற்கெனவே பழக்கமான ஒருவரோடு போங்கள். சுகாதாரப் பணியாளர், சங்கத்துக்காரர், அந்த ஊரில் பெண் எடுத்தவர், யாராக இருந்தாலும் சரி. முதல் தடவை எதுவும் கேட்காதீர்கள். உட்காருங்கள், கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) கொடுத்தால் குடியுங்கள், யார் எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று பேசுங்கள், கிளம்பிவிடுங்கள்.

இரண்டாவது தடவை விஷயத்தைச் சொல்லுங்கள். "இப்படி ஒரு மையம் நடத்தலாம்னு நினைக்கிறோம். வேணுமா? வேணும்னா எப்படி வேணும்?" இந்த இரண்டு கேள்விகள் போதும். பதிலை அன்றைக்கே எதிர்பார்க்காதீர்கள். மூன்றாவது தடவைதான் பதில் வரும்.

இங்கே புதியவர்கள் தடுமாறுவது இரண்டு இடத்தில். ஒன்று, பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது. பல ஊர்களில் "வேண்டாம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்வது மரியாதைக் குறைவு. "பாக்கலாம்" என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்று அர்த்தம். இன்னொன்று, நன்றாகத் தமிழ் பேசுகிற ஒருவரை ஊர்த் தலைவர் என்று நினைத்துக்கொள்வது. காட்டுநாயக்கர் ஊர்களில் ஒருவர் சொல்லி எல்லோரும் கேட்கும் வழக்கம் மிகக் குறைவு. பெண்களிடமும் வயதானவர்களிடமும் தனித்தனியாகப் போய்க் கேட்க வேண்டும்.

ஓர் ஊரில் நான் எல்லாம் சொல்லி முடித்ததும், சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கேட்டார்: "படிச்ச பிள்ளைங்க யாரும் திரும்பி வர்றதில்ல. நீ படிக்க வெச்சா இவங்களும் போயிருவாங்களா?" என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் பிறகு அந்த மையத்தின் பாடத்திட்டமாயிற்று. காட்டையும் வீட்டையும் விட்டு விலக்காத படிப்பு எது என்று ஊரே உட்கார்ந்து பேசியது. இந்தப் பேச்சு நடக்காமல் எத்தனை கரும்பலகை வாங்கினாலும் பயனில்லை.

4. ஊரின் வருடத்தை எழுதுங்கள்

அனுமதி கிடைத்த பிறகும் வகுப்பைத் தொடங்காதீர்கள். ஒரு பெரிய தாளில் பன்னிரண்டு மாதங்களை எழுதி ஊர்க்காரர்களையே நிரப்பச் சொல்லுங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிப்பு. அம்மாக்கள் விடியும்போதே போய்விடுவார்கள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது அக்கா வீட்டில் இருப்பாள். ஏப்ரலிலிருந்து மழை பிடிக்கும் வரை தேன் காலம், காட்டுநாயக்கர் பிள்ளைகள் பெற்றோரோடு காட்டுக்குப் போவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஓடையில் தண்ணீர் ஏறினால் சில ஊர்களிலிருந்து யாரும் வெளியே வர முடியாது. இஞ்சி வேலைக்குக் கர்நாடகா பக்கம் குடும்பத்தோடு போகிற மாதங்களும் உண்டு.

இதை எழுதி முடித்தால் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் "ஒழுங்கின்மை" என்று தெரிவதில் எவ்வளவு ஒழுங்கு இருக்கிறது என்பது புரியும். அப்புறம் மையத்தின் நேரத்தை இதற்குள் பொருத்துங்கள். காப்பிக் காலத்தில் கைக்குழந்தைகளும் மையத்துக்கு வரட்டும், ஒரு பாயை ஓரமாக விரித்துவிட்டால் போதும். அக்காக்கள் படிக்க வர அதுதான் வழி.

மாலை வகுப்பு என்றால் இருட்டுவதற்கு நன்றாக முன்பே முடிய வேண்டும். இந்தப் பக்கம் யானை நடமாட்டம் அதிகம். ஆறு மணிக்கு மேல் பிள்ளைகளை வழியில் விடக் கூடாது. "இன்னும் பத்து நிமிஷம்" என்று ஒரு நாளும் நீட்டாதீர்கள்.

5. ஊரிலிருந்தே ஆசிரியர்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அந்த ஊரில், அல்லது பக்கத்து ஊரில், அதே மொழி பேசும் ஒரு பெண்ணோ பையனோ இருப்பார். பத்தாம் வகுப்பு முடித்திருக்கலாம், பன்னிரண்டாம் வகுப்பில் தவறியிருக்கலாம். அவர்தான் ஆசிரியர். நீங்கள் உதவியாளர். யாரை வைப்பது என்பதை ஊரே முடிவு செய்யட்டும்.

காரணம் எளிமையானது. ஒரு பணியர் குழந்தை தன் அக்கா முறை உள்ள ஒருவர் கரும்பலகை முன்னால் நிற்பதைப் பார்க்கும்போது, படிப்பு வெளியாளுடைய சொத்து இல்லை என்பது அதற்குத் தெரிந்துவிடுகிறது. நீங்கள் எவ்வளவு அன்பாகச் சொல்லிக்கொடுத்தாலும் இதைத் தர முடியாது. கூடலூரில் வித்யோதயா பள்ளி பழங்குடி ஆசிரியர்களைக் கொண்டே பழங்குடிப் பிள்ளைகளுக்காக நடக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் முறையாக அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்கள்.

சம்பளத்தில் கை சுருக்காதீர்கள். 2021இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டத்தில் தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை கிடைத்தது. தோட்டத்தில் சில நாள் கூலிக்கே அது ஈடாகிவிடும், அதை மட்டும் நம்பி யாரும் நிலைக்க முடியாது. தோட்டத்தில் அத்தனை மணி நேரத்துக்கு என்ன கிடைக்குமோ அதற்குக் குறையாமல் கொடுங்கள்.

முதல் ஆறு மாதம் அவர் தயங்குவார். நடுவில் புகுந்து நீங்கள் பாடத்தைக் கையில் எடுத்துவிடக் கூடாது. பிள்ளைகள் முன்னால் அவரைத் திருத்தவும் கூடாது. எது சொல்வதானாலும் வகுப்பு முடிந்து தனியாகச் சொல்லுங்கள்.

6. முதல் மாதங்கள் வீட்டு மொழியில்

"தமிழ்தானே, கொஞ்சம் கொச்சையா இருக்கு" என்று ஓர் ஆசிரியர் என்னிடம் சொன்னார். பணியர் மொழி தமிழின் கொச்சை இல்லை, தனி மொழி. தமிழைவிட மலையாளத்துக்கு நெருக்கமானது. பெட்டக்குறும்பருக்கும் காட்டுநாயக்கருக்கும் அவரவர் மொழி உண்டு. முதல் வகுப்புக்கு வரும் குழந்தை ஊமை மாதிரி உட்கார்ந்திருப்பது புத்தி மட்டாக இருப்பதால் இல்லை. சொல்வது புரியவில்லை, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. முதல் மூன்று மாதம் கதை, பாட்டு, விளையாட்டு எல்லாம் வீட்டு மொழியில். பிறகு அந்த மொழிச் சொற்களையே தமிழ் எழுத்தில் எழுதுங்கள். குழந்தை முதலில் வாசிக்கும் சொல், அது ஏற்கெனவே பேசும் சொல்லாக இருக்க வேண்டும். எழுத்து பிடிபட்ட பின் தமிழ்ச் சொல்லைப் பக்கத்தில் வையுங்கள். எழுத்து, மொழி இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கி வைத்தால் இரண்டும் விழும். தமிழில் இல்லாத ஒலிகள் வரும். அவற்றை எப்படி எழுதுவது என்று ஊர் ஆசிரியரும் பெரியவர்களும் சேர்ந்து முடிவு செய்யட்டும், நீங்கள் செய்யாதீர்கள்.

யாராவது தலைமையாசிரியர் "இதெல்லாம் சட்டத்துல இருக்கா?" என்று கேட்டால், இருக்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. ஒடிசா அரசு 2006-07இலேயே பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்க வகுப்புகளைத் தொடங்கிவிட்டது.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நிறைய அடி விழ வைத்த விஷயம். இந்த ஊர்களில் பல பிள்ளைகள் ஆசிரியரையும் "நீ" என்றுதான் சொல்லும். வீட்டில் தாத்தாவையும் அப்படித்தான் கூப்பிடுகிறது, அந்த மொழியில் அது மரியாதைக் குறைவு இல்லை. "நீங்க" என்பது தமிழோடு சேர்த்துக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. திமிர் என்று எடுத்துக்கொண்டு கையை ஓங்கியவர்களை எனக்குத் தெரியும். அடுத்த நாள் அந்தப் பிள்ளை வரவில்லை.

அதற்கும் காரணம் உண்டு. காட்டுநாயக்கர் வீடுகளில் பிள்ளைகளை அடிப்பதோ வற்புறுத்துவதோ மிக மிக அரிது. "அவனுக்குப் போக மனசு இல்ல" என்று அப்பா சொன்னால் அது சாக்கு இல்லை, பிள்ளையின் முடிவை அவர் மதிக்கிறார். ஓர் அடி போதும், ஆறு மாத உழைப்பு போய்விடும். சட்டமும் அடிப்பதைத் தடை செய்திருக்கிறது.

7. பாடத்தை ஊரிலிருந்து எடுங்கள்

இப்போதுதான் பாடம். ஓர் உதாரணத்தை முழுதாகச் சொல்கிறேன்.

நான்காம் வகுப்புப் பையன் ஒருவன். கணக்குப் புத்தகத்தைத் திறந்தாலே தலையைக் கவிழ்த்துக்கொள்வான். ஒரு நாள் ஊர் ஆசிரியை, தேனில் எத்தனை வகை என்று கேட்டார். அவன் தலையைத் தூக்கினான். மலைத்தேன், கொம்புத்தேன், பொந்துத்தேன், கொசுத்தேன் என்று விரல் விட்டான். எந்தத் தேனீ கொட்டும், எது கொட்டாது, எந்த மரத்தில் எப்போது கூடு வைக்கும் என்று இருபது நிமிடம் பேசினான். மலைத்தேன் எடுப்பது நிலா இல்லாத இரவில். மேலே ஏறுகிறவரின் கயிற்றைக் கீழே பிடிக்கிறவர் மச்சானாக இருக்க வேண்டும். "ஏன்?" என்று நான் கேட்டேன். "தங்கச்சி புருஷன விழ விடுவாங்களா?" என்றான்.

அந்த வாரம் முழுக்க அதுதான் பாடம். அமாவாசை எப்போது வரும் என்று நாட்காட்டி பார்த்தார்கள். மலைத்தேன் எடுக்க ஏறும் ஏணிக்கு எத்தனை படி, படிக்கும் படிக்கும் இடைவெளி எவ்வளவு என்று முழம் போட்டு அளந்து பிறகு மீட்டருக்கு மாற்றினார்கள். கிலோவுக்கு என்ன விலை கிடைத்தது, அதே தேன் ஊட்டிக் கடையில் என்ன விலை என்று கழித்தார்கள். கழித்தலை அவன் அங்கேதான் கற்றான். தலையை அதற்குப் பிறகு கவிழ்க்கவில்லை.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் பிள்ளைக்குத் தெரிந்தது, பிறகு அளவு, பிறகு எழுத்து, கடைசியில் பள்ளிப் புத்தகத்தில் அதே கணக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டுவது. கடைசிப் படியை விட்டுவிடாதீர்கள். "காட்டுப் படிப்பு மட்டும் போதும்" என்று சொல்லிப் பள்ளிப் பாடத்தைக் கைவிட்ட மையங்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் தவித்தார்கள். பெற்றோர் கேட்டது இரண்டையும்.

8. கேட்காமல் எதையும் பதிவு செய்யாதீர்கள்

பாடம் ஊரிலிருந்து வரத் தொடங்கியதும் ஓர் ஆசை வரும். மூலிகைப் பெயர், சாமிப் பாட்டு, கதை எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட வேண்டும், வீடியோ எடுத்துவிட வேண்டும். நில்லுங்கள்.

அகத்தியமலையில் நடந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1987இல் காட்டுக்குள் போன விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடி இளைஞர்கள், களைப்புத் தெரியாமல் இருக்க ஒரு செடியின் காயைத் தின்றார்கள். ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து உருவான மருந்தைத் தயாரிக்க 1995இல் ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்கப்பட்டது. அந்த உரிமத்தால் வந்த வருமானத்தில் காணி மக்களுக்குப் பாதி என்று ஏற்பாடு ஆயிற்று. ஆனால் அதைப் பெற்றுக்கொள்ள அவர்களுக்கான அறக்கட்டளை 1997இல்தான் பதிவானது. பங்கு கொடுத்த முன்னோடி என்று இதைப் பாராட்டுகிறார்கள், சரிதான். ஆனால் காணி மக்களுக்குள்ளேயே, எங்களைக் கேட்டீர்களா என்ற வருத்தம் எழுந்தது. சொன்னது சிலர், அறிவோ எல்லோருடையது.

அதனால் வழிமுறை: எதை வகுப்பில் சொல்லலாம், எதை எழுதலாம், எதை ஊருக்கு வெளியே கொண்டுபோகலாம் என்று மூன்று கேள்விகளைத் தனித்தனியாக ஊர்க் கூட்டத்தில் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வேறு வேறாக வரும். தேன் எடுப்பதைப் பற்றிப் பேசலாம் என்ற ஊர், தேன் எடுக்கும்போது பாடும் பாட்டை வகுப்பில் பாட வேண்டாம் என்றது. ஏன் என்று நாங்கள் துருவவில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமே பாரம்பரிய அறிவின் மேல் சமூகத்துக்கு உள்ள உரிமையை 3(1)(k) பிரிவில் ஒப்புக்கொள்கிறது.

எழுதியதன் பிரதி ஊரில் இருக்க வேண்டும். உங்கள் மடிக்கணினியில் மட்டும் இருந்தால் அது உங்களுடையதாகிவிடும்.

9. போட்டி, பரிசு வேண்டாம்

சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் பரிசு, இரண்டாம் பரிசு வைத்தால் நன்றாகப் படிக்கிற பிள்ளையே எழுந்து போய்விடும். மற்றவர்கள் முன்னால் தனியாக நிற்பது அவர்களுக்குக் கூச்சம். மிட்டாய் ஒன்று கொடுத்தால் கடித்து நான்காக்கிப் பகிர்வார்கள், விடையையும் அப்படித்தான். அதைக் "காப்பி அடிக்கிறான்" என்று பார்க்காமல், மூன்று பேர் சேர்ந்து ஒரு விடை கொண்டுவரும்படி கேள்வியை மாற்றுங்கள். தனியாக எழுதிப் பழகுவது பள்ளித் தேர்வுக்கு முன்பு ஒரு மாதம் போதும், ஏன் என்று அவர்களிடமே சொல்லிவிட்டு.

10. பள்ளிக்கூடத்தோடு

மையம் நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகு பள்ளிக்குப் போங்கள். முன்பே போனால் குறை சொல்ல வந்தவர் என்று நினைப்பார்கள்.

குறை சொல்லவும் கூடாது. இந்தப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் ஒருவரே மூன்று வகுப்பைச் சேர்த்து நடத்துகிறார். "நம்ம பிள்ளைங்க வீட்டு மொழியில இருபது சொல் எழுதிக் கொண்டுவந்திருக்கோம் டீச்சர், முதல் வகுப்புக்கு உதவும்" என்று கையில் ஏதாவது ஒன்றோடு போங்கள். தண்ணீர், பசி, வயிற்று வலி, வெளியே போகணும். இந்தச் சொற்கள் ஆசிரியருக்குத் தெரிந்தாலே முதல் வகுப்புக் குழந்தையின் அழுகை பாதி நின்றுவிடும்.

அடுத்து, ஆசிரியரை ஊருக்குக் கூப்பிடுங்கள். கூப்பிடுவது ஊர்க்காரராக இருக்கட்டும். ஒரு மாலை, சாயா, பிள்ளைகளின் எழுத்து சுவரில். அவர் அந்த வீடுகளைப் பார்த்துவிட்டால், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையை மறுநாள் வேறு மாதிரி பார்ப்பார்.

மூன்றாவது, பள்ளி மேலாண்மைக் குழு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் என்று சட்டம் சொல்கிறது, பின்தங்கிய பிரிவுப் பெற்றோருக்கு விகிதப்படி இடமும் உண்டு. பெயர் பட்டியலில் இருக்கும், கூட்டத்துக்கு யாரும் போக மாட்டார்கள். காரணம் அன்றைய கூலி. கூட்டத்தை வேலையில்லாத நாளில் வைக்கக் கேளுங்கள். இரண்டு அம்மாக்கள் சேர்ந்து போகட்டும், தனியாகப் போனால் பேச்சு வராது.

நான்காவது, சான்றிதழ். பழங்குடிச் சான்றை வட்டாட்சியர் தர முடியாது, கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். விசாரணை, பெற்றோர் ஆவணம், பெயர்ப் பிழை என்று மாதக்கணக்கில் இழுக்கும். முதல் வகுப்பிலேயே விண்ணப்பியுங்கள். பத்தாம் வகுப்பு முடித்துச் சான்று இல்லாமல் மேற்படிப்பை விட்ட பிள்ளைகளைப் பார்க்கும்போது நெஞ்சு எரிகிறது. சேர்க்கும்போது எழுதும் பெயர், ஆதாரில் இருக்கும் பெயர், அப்பாவின் பெயர் மூன்றும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று அன்றே பாருங்கள்.

11. பழங்குடி அல்லாதவர்களோடு

பள்ளியில் பழங்குடிப் பிள்ளைகள் மட்டும் இல்லை. எஸ்டேட் தொழிலாளர் பிள்ளைகள், கடைக்காரர் பிள்ளைகள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் வீட்டுப் பிள்ளைகள், மலையாளக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பெஞ்சில். பெயர் வைத்துக் கேலி செய்வதும் தள்ளி உட்காருவதும் நடக்கும். "எல்லோரும் சமம்" என்று அறிவுரை சொன்னால் மாறாது. யார் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதை மாற்ற வேண்டும்.

நாங்கள் செய்வது ஒரு நடை. ஊர்ப் பெரியவர் ஒருவர் ஆசிரியர். இரண்டு தரப்புப் பிள்ளைகளும் மாணவர்கள். காட்டின் ஓரமாக ஒரு மணி நேரம். எது தின்னலாம், எந்தச் சாணம் எந்த விலங்குடையது, யானை இன்று போனதா நேற்றுப் போனதா. பிள்ளைகள் அவரைப் பார்க்கும் பார்வையில் அன்றே வித்தியாசம் தெரியும். அவருடைய பேரப்பிள்ளை நிற்கும் தோரணையிலும் தெரியும்.

இதற்கு முன்தயாரிப்பு உண்டு. பெரியவருக்கு அன்றைய கூலியைக் கவரில் போட்டுக் கொடுங்கள், நன்றியும் துண்டும் மட்டும் போதாது. அவரை எல்லோரும் "நீங்க" என்றுதான் பேச வேண்டும், உடன் வரும் பெரியவர்களும். எழுபது வயதுக்காரரை "வாடா போடா" என்று பேசிப் பழகிய வாய்கள் இந்தப் பக்கம் இன்னும் இருக்கின்றன. அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதைக் கேட்க வேண்டாம் என்று பெரியவர் சொல்கிறாரோ அதையும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பள்ளி விழாவுக்கு "பழங்குடி நடனம்" கேட்டு ஆள் வரும். முடிவு ஊருடையது, உங்களுடையது இல்லை. ஊர் சம்மதித்தால் அதே மேடையில் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் கணக்கோ கவிதையோ சொல்லவும் இடம் கேளுங்கள். ஆட மட்டும் தெரிந்தவர்கள் என்று பார்வையாளர் எழுந்து போகக் கூடாது.

வெளியூரிலிருந்து பார்க்க வருபவர்களுக்கு எங்கள் விதி: ஒரு தடவையில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம். சாக்லேட், பழைய துணி வேண்டாம். போட்டோ ஊர் ஆசிரியை சம்மதித்தால் மட்டும், பெற்றோரைக் கேட்ட பிறகு. வந்தவர்கள் தங்களைப் பற்றி முதலில் பேச வேண்டும், எந்த ஊர், என்ன வேலை, வீட்டில் யார் யார். பிள்ளைகளிடம் ஆயிரம் கேள்வி கேட்டுவிட்டுத் தன் பெயரைக்கூடச் சொல்லாமல் போகிறவர்களே அதிகம்.

கேலியோ அவமதிப்போ நடந்தால் அன்றே பேசுங்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையை எல்லோர் முன்னாலும் நிறுத்தி விசாரிக்காதீர்கள். முதலில் அதன் வீட்டுக்குப் போங்கள், என்ன செய்யலாம் என்று அவர்களைக் கேளுங்கள். அப்புறம்தான் பள்ளி.

12. ஒப்படைப்பு

இரண்டாம் வருடத் தொடக்கத்திலிருந்தே இதைச் செய்யத் தொடங்குங்கள். கடைசி மாதத்தில் செய்தால் அது கைவிடுதல்.

வரவு செலவை மாதம் ஒரு முறை ஊர்க் கூட்டத்தில் வாசியுங்கள், ஊர் மொழியில், ஊர் ஆசிரியர் வாயால். வங்கிக் கணக்கில் ஊர்க்காரர் இருவர் கையெழுத்து இருக்கட்டும். அடுத்த வருடம் என்ன சொல்லிக்கொடுப்பது என்ற கூட்டத்துக்கு நீங்கள் போகாமல் இருந்து பாருங்கள். அவர்கள் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். எங்கள் மையத்தில் ஆங்கிலம் வேண்டும் என்று முடிவு செய்தார்கள், எனக்கு அப்போது உடன்பாடு இல்லை. இப்போது வாரம் இரண்டு நாள் ஆங்கிலம் நடக்கிறது. ஊர் ஆசிரியை அதையும் தன் மொழி வழியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று கடைசியாகக் கேளுங்கள். எங்கள் ஊரில் அது படிப்பைப் பற்றி முதலில் கேள்வி கேட்ட பாட்டியின் வீட்டு வாசல் ஆணியில் தொங்குகிறது. மாலை நாலு மணிக்குப் பிள்ளைகள் அங்கே போய் எடுத்துக்கொள்கிறார்கள்.